துளி எண்ணெய் இல்லாத வீடு

எங்கள் வீட்டில் எண்ணெய்க்குத் தடை வந்ததற்குக் காரணம் ஒரு கல்யாணப் பந்தி. தொண்ணூறுகளின் கடைசி அது. மதுரையில், மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் அப்பாவுடைய அலுவலக நண்பர் மகளுக்குக் கல்யாணம். அப்பா பிரியாணி சாப்பிட்டார், அதற்கு மேல் சுக்கா சாப்பிட்டார், அதற்கும் மேல் பிரட் அல்வாவைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் நெஞ்சில் எரிச்சல். அவர் அதை எரிச்சல் என்று சொல்லவில்லை, "அட்டாக்" என்றார். அம்மா அழுதாள். தம்பி ஆட்டோ பிடித்து வந்தான்.

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று சொன்னதில் அப்பாவுக்கு ஏமாற்றம். அதைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, "வயசாகுதுல்ல, எண்ணெயக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க. காலைல நடங்க," என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் அவர் சொன்னது. இதில் "கொஞ்சம்" என்று ஒரு சொல் இருந்ததை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே அப்பா தொலைத்துவிட்டார்.

அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஒரு வார்த்தை வந்தால் அதை ஆணையாக்கி, ஆணைக்கு விளக்கம் சேர்த்து, விளக்கத்துக்குக் கடுமை சேர்த்துக் கீழே இருப்பவர்களுக்கு அனுப்புவதைத்தான் அவர் வேலை என்று வாழ்நாள் முழுக்கச் செய்துவந்தார். கீழே இருப்பவர்கள் என்றால் அலுவலகத்தில் குமாஸ்தாக்கள், வீட்டில் நாங்கள்.

நாங்கள் என்பது அம்மா, தம்பி, நான், ஒரு வயதைத் தாண்டியிருந்த என் மகள். என் கணவர் ராணுவத்தில் இருந்தார். வடக்கே எங்கோ மலை மேல் போட்டிருந்தார்கள். குடும்பத்தை அழைத்துப்போக முடியாத இடம். அதனால் நான் குழந்தையோடு பசுமலைப் பக்கம் இருந்த அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். அவனியாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். தாய்ப்பாலும் அந்தச் சமயத்தில்தான் நின்றது. குழந்தையைப் பகல் முழுக்க அம்மாதான் பார்த்துக்கொண்டாள். அம்மா என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்பதை அப்பா பார்த்துக்கொண்டார்.

டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயம் நடை. பசுமலையில் ஒரு கல்லூரி மைதானத்தில் விடியற்காலையில் அப்பா வயதுக்காரர்கள் கூட்டமாக நடப்பார்கள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், பேங்க் அதிகாரி ஒருவர், ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், இன்னும் சிலர். கூட்டம் மைதானத்தை எத்தனை தடவை சுற்றியதோ தெரியாது, கொலஸ்ட்ரால் என்ற வார்த்தையை நிச்சயம் அதைவிட அதிகமாகச் சுற்றியது. அங்கே கொலஸ்ட்ரால் கூடியவருக்கு மரியாதையும் கூடுதல். ரத்தம் சோதித்து நார்மல் என்று வந்துவிட்டால் அந்த மனிதர் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அப்பாவும் சோதித்துப் பார்த்தார். லேசாகக் கூடுதல் என்று வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரின் நடையே வேறு மாதிரி இருந்தது.

மைதானத்திலிருந்து தினமும் ஒரு தீர்ப்பு வந்தது. தேங்காய் விஷம். முட்டையின் மஞ்சள் கரு விஷம். நெய்யைப் பற்றிப் பேசவே கூடாது. முதலில் நல்லெண்ணெய் வீட்டை விட்டுப் போனது. அதற்குப் பதிலாக இதயத்தின் படம் போட்ட பாக்கெட் எண்ணெய் வந்தது. "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால், அதுவே ஒரு மருந்து என்று நினைத்து அம்மா தாராளமாக ஊற்றினாள். அந்த மாதம் வீட்டில் அப்பளம்கூட நீச்சல் அடித்தது. பிறகு ஹெட்மாஸ்டர், எந்தச் செடியின் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது, அது கம்பெனிக்காரன் பெருமை பேசுவது என்று ஒரு நாள் விளக்கியிருக்கிறார். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில் அப்பா எல்லா எண்ணெயையும் ஒரே அடியாக நிறுத்தினார்.

எண்ணெயே இல்லாமல் மதுரையில் ஒரு வீடு எப்படிச் சமைக்கும்? சமைத்தோம். டவுன்ஹால் ரோட்டிலிருந்து ஒட்டாத தவா வந்தது. அதில் சுட்ட தோசை பழைய காலண்டர் அட்டை மாதிரி இருந்தது. தாளிப்பு வெறும் சட்டியில். கடுகு வெடித்துச் சுவரெல்லாம் ஏறியது, மிளகாய் கருகி வீடே இருமியது. அடுத்த வீட்டு அக்கா தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தாள். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் இல்லை, மோர்! மோரில் குழைத்த இட்லிப் பொடியை நீங்கள் சாப்பிட்டதில்லை என்றால் உங்கள் முன்னோர் ஏதோ புண்ணியம் செய்திருக்கிறார்கள்.

"நல்லாத்தான இருக்கு? பழகிட்டா தேவாமிர்தம்," என்பார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே. முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

அந்த அக்கா வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சௌராஷ்டிரக் குடும்பம். சேலை வியாபாரம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களிடம் சுத்தமான மதுரைத் தமிழ். அவர்கள் அடுப்படி ஜன்னல் எங்கள் அடுப்படிக்கு நேர் எதிரே இருந்தது. அவர்கள் வெங்காயம் வதக்கும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு வேலையாக அடுப்படிக்குப் போவோம். அப்பாவும் போவார், தண்ணீர் குடிக்க.

அவர்கள் வீட்டில் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், ஒல்லி, யாரைக் கண்டாலும் ஓடும். அதற்கு அவர்கள் வீட்டுப் பாஷைதான் புரியும் என்று நினைத்திருந்தேன். பாலாடை விஷயத்தில் அது மிக விரைவில் தமிழும் கற்றுக்கொண்டது.

காலையில் நடை முடிந்து வந்ததும் அப்பா செய்யும் முதல் வேலை, காய்ச்சி ஆறவைத்த பாலின் மேல் படிந்த ஏட்டைக் கரண்டியால் வழித்து எடுப்பது. ஒரு தடவை வழித்தால் போதாது. பாலை மறுபடி சுடவைத்து, ஆறவைத்து, மறுபடி வழிப்பார். அதன் பிறகு தண்ணீர் சேர்ப்பார். கடைசியில் டம்ளரில் மிஞ்சுவது நீல நிறத்தில் ஒன்று. அதைத்தான் என் மகள் குடித்தாள். முட்டை அவித்தால் வெள்ளை குழந்தைக்கு. மஞ்சள் கருவும் பாலாடையும் வாசலில் காத்திருக்கும் பூனைக்கு.

"எதுக்குப்பா அதுக்குப் போடுறீங்க? பிள்ளைக்குக் குடுக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"ஏத்தா, சின்ன வயசுலயே ரத்தக்குழாய்ல படிய ஆரம்பிச்சிருமாம். பேங்க்காரர் பேப்பர்ல படிச்சிருக்காரு. நம்ம பரம்பரையில இது என்னோட போகட்டும்," என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அவர் உண்மையாகவே தன் பேத்தியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகத்தான் நம்பினார். வாயடைத்துப்போவது அந்த இடத்தில்தான். கெட்ட எண்ணத்தோடு செய்கிறவர்களிடம் சண்டை போடலாம். இப்படிக் கண்கலங்குகிறவர்களிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது?

குழந்தைக்கு அது தினசரி விளையாட்டாகிவிட்டது. அப்பா வாசற்படியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, பாலாடையைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைப்பார். அவள் "வா, வா" என்று கையை நீட்டுவாள். பூனை வந்து நக்கும். கூச்சத்தில் அவள் சிரிப்பாள். சில நேரம் கையைத் தன் வாய்க்குக் கொண்டுபோவாள். அப்பா உடனே முகத்தைச் சுளித்து, "ச்சீ! பாப்பாவுக்கு வேணாம். ச்சீ! பூனைக்கு," என்பார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பூனைக்கே கொடுத்துவிடுவாள். "எம் பேத்திக்கு எம்புட்டு இரக்கம் பாரு," என்று அப்பா தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வார்.

பூனை தேறியது. கழுத்தில் மடிப்பு விழுந்தது, ரோமம் பட்டு மாதிரி மின்னியது. மதில் ஏறும்போது வயிறு தட்டியது. "எங்க வீட்டுல இருந்தப்ப இது இப்படி இல்லயேக்கா," என்று அடுத்த வீட்டு அக்கா என் அம்மாவிடம் ஆச்சரியப்பட்டாள். பூனையைப் பார்த்தவள் பக்கத்தில் இருந்த குழந்தையையும் பார்த்தாள். "பாப்பாவுக்குச் சோத்துல ஒரு சொட்டு நெய் விட்டுப் பெசைங்களேன்," என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா உள்ளேயிருந்து இருமினார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. இடுப்பில் தூக்கும்போதே தெரிந்தது. தைத்த சட்டைகள் மாதக்கணக்கில் அப்படியே பொருந்திக்கொண்டிருந்தன. நடக்க வேண்டிய வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். அப்பாவிடம் கேட்டால், "ஒல்லியா இருந்தாத்தான் ஆரோக்கியம். குண்டா இருக்கது வியாதி," என்பார். அவர் வயிறு மேசை விளிம்பில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும்.

காதுகுத்து வந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே என் கணவர் வீட்டுக் குலசாமி கோயில். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மாமனாரும் இல்லை. "விருந்துப் பொறுப்ப நா பாத்துக்கிறேன் சம்மந்தி," என்று அப்பா வலியப் போய்ச் சொன்னபோது என் மாமியார் நெகிழ்ந்துபோனாள். பாவம், அவளுக்கு விவரம் தெரியாது.

எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்குக் கெடா வெட்டி விருந்து போடுவார்கள். நகை எவ்வளவு, சீர் எவ்வளவு என்பதெல்லாம் அன்றைக்கு மட்டும்தான் பேச்சு. கறி எப்படி இருந்தது என்பது தலைமுறைக்கும் நிற்கும். அப்பா பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நேரே சமையல்காரரிடம் போனார்.

"கறியில இருக்க கொழுப்பெல்லாம் வெட்டி எடுத்துருங்க. எண்ணெ ஊத்தவே கூடாது. தேங்கா வேணாம். தண்ணியிலயே வேகட்டும்."

சமையல்காரர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். அப்பா சிரிக்கவில்லை என்றதும் பயந்துவிட்டார். "அண்ணே, கறியத் தண்ணியில வேகவச்சா இந்த ஊர்க்காரங்க என்னிய எண்ணெயில வேகவச்சுருவாங்கண்ணே."

"நெஞ்ச அடைச்சு நாலு பேரு செத்தா நீயா பதில் சொல்லுவ?"

அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அப்பா கடைசிவரை அங்கேயே உட்கார்ந்துகொண்டார். எண்ணெய் டின்னைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

முதல் பந்தியில் யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்துக் கறி விருந்தில் சத்தம் இல்லை என்றால் ஏதோ நடக்கப்போகிறது என்று பொருள். என் கணவரின் சித்தப்பா ஒருவர்தான் ஆரம்பித்தார். சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஒரு துண்டுக் கறியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "மாப்ள, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். பந்தி முழுக்க வெடித்தது. "கெடா நீச்சப் பழகிச் செத்துருச்சோ?" என்றது ஒரு குரல். "ஆஸ்பத்திரியில இருந்து பார்சல் வந்திருக்கு," என்றது இன்னொன்று. இரண்டாவது பந்திக்கு ஆள் குறைந்தது. மூன்றாவதற்கு இலை போடவே தேவைப்படவில்லை. ஒரு வேன் நிறைய ஆட்கள் திருமங்கலம் ரோட்டில் புரோட்டா சாப்பிடப் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கடை தெரியாது என்று சொல்லி வழி காட்டப் போனவன் என் தம்பி. தாய்மாமனாக மடியில் வைத்துக் காது குத்திய வேட்டியைக்கூட அவன் மாற்றவில்லை. திரும்பி வந்தபோது அதில் சால்னா இருந்தது.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிக்க முடியாத ஒன்றும் அன்றைக்கு நடந்தது. ஆசாரி காது குத்தியபோது என் மகள் அழுதாள். பெரிய அழுகை இல்லை. வாயைத் திறந்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. கொஞ்சம் முனகினாள், பிறகு தம்பியின் தோளில் சாய்ந்துகொண்டாள். "சமத்துப் புள்ள," என்றார்கள் கூட்டத்தில். என் மாமியார் அப்படிச் சொல்லவில்லை. குழந்தையை வாங்கித் தன் கையில் ஒரு தடவை ஏந்திப் பார்த்தாள். கொலுசு போட்ட காலை உருவிப் பார்த்தாள். கொலுசு முட்டிவரை தானாக ஏறியது.

"காது குத்துனா ஊரு கேக்க அழுகணும். இது என்ன, குட்டிப்பூன கணக்கா முனங்குது?" என்றாள் என்னிடம். பிறகு அப்பாவைப் பார்த்து, "அண்ணே, விருந்த விடுங்க, அது போகட்டும். எம் மகன் புள்ளைய நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?" என்றாள்.

அப்பா ரத்தக்குழாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "நாளைக்கே புள்ளைக டாக்டர்ட்ட காட்டுங்க. நல்லாருக்குன்னு அவுக சொன்னா நா ஒங்க கால்ல விழுகுறேன். இல்லேன்னா எம் பேத்திய நா தூக்கிட்டுப் போறேன். இவ இங்கன வேலைக்குப் போகட்டும்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயந்தேன். மாமியார் வெறும் வார்த்தை பேசுகிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். அதைவிடப் பெரிய பயம், அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான்.

மறுநாள் அப்பா, அம்மா, குழந்தை, நான் நால்வரும் டவுனில் இருந்த ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி. குழந்தையை எடைத்தட்டில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். தட்டைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், தோலைத் தேய்த்துப் பார்த்தார். மேல்தோல் செதில் செதிலாக வந்தது.

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார். மேலதிகாரியிடம் நல்ல சேதியைச் சமர்ப்பிக்கும் குரல் அது. ஏடு எடுத்த பால், முட்டையின் வெள்ளை, அவித்துத் தண்ணீர் வடித்த கேரட், ரசச் சோறு, இட்லி. "வீட்ல ஒரு துளி எண்ணெ கெடையாது டாக்டர். நெய், தேங்கா எதுவும் கெடையாது. தாய்ப்பால் நிறுத்துனதுலேர்ந்து கன்ட்ரோல்ல வச்சிருக்கேன்," என்று முடித்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

டாக்டர் பேனாவை மேசை மேல் வைத்தார். "யாரு உங்களுக்கு இதைச் சொன்னது?"

"டாக்டர்தான். எனக்கு ஹார்ட்ல..."

"உங்களுக்குச் சொன்னத எதுக்கு இவளுக்குச் செஞ்சீங்க?"

அப்பா குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டார்.

"இந்த வயசுக் குழந்தைக்குக் கொழுப்பைக் குறைக்கவே கூடாதுங்க. மூளை வளர்றது அதுலதான். சின்ன வயிறு, கொஞ்சம்தான் கொள்ளும். அந்தக் கொஞ்சத்துல தெம்பு இருக்கணும்ல? ரசத்தையும் தண்ணிப் பாலையும் ஊத்தி ரொப்புனா வயிறு நெறையும், வேற எது நெறையும்? கேரட் குடுத்தேங்குறீங்க. அதுல இருக்கற சத்து உடம்புல ஒட்டணும்னாலே கொஞ்சம் எண்ணெய் வேணும். எண்ணெய் இல்லாம அவிச்சுத் தண்ணிய வடிச்சுக் குடுத்தா கலர் மட்டும்தான் உள்ள போகும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "பெரியவங்களுக்கும் அளவா வேணும். குறைச்சுக்கங்கன்னுதான் சொல்லுவோம். அடியோட நிறுத்துங்கன்னு எந்த டாக்டரும் சொல்லமாட்டாங்க."

பிறகு எங்களை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். அப்பாவின் வயிற்றில் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"வீட்ல எல்லாரும் இதையேதான் சாப்பிடுறீங்களா?"

"எல்லாரும் இதுதான் டாக்டர்," என்றார் அப்பா.

"அப்ப நீங்க யாருமே இளைக்கலயே?"

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். அப்பா, "நாங்கெல்லாம் வாக்கிங் போறோம்..." என்று ஆரம்பித்து, அது எதற்கும் பதிலாகாது என்று தெரிந்து நிறுத்தினார்.

நாங்கள் ஏன் இளைக்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொலஸ்ட்ரால் கூட்டத்தின் நடை மைதானத்தில் முடிவதில்லை, எதிரே இருந்த டீக்கடையில் முடியும். சுடச்சுட உளுந்த வடை. வடையைப் பேப்பரில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பிழிந்துவிட்டால் எண்ணெய் அத்தனையும் பேப்பருக்குப் போய்விடும், மிச்சம் இருப்பது வெறும் உளுந்து என்று ஹெட்மாஸ்டர் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார். ஆளாளுக்குப் பிழிந்து தின்றார்கள். அப்பா கையைத் துடைத்த கைக்குட்டையைத் தினமும் துவைத்தவள் அம்மா. ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால், அவள் மத்தியானம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் பூரி சாப்பிடப் போவதைப் பற்றி அவர் கேட்டுவிடுவார். தம்பிக்குப் புரோட்டாக் கடையில் கணக்கே இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் என் டப்பாவை மூடி வைத்துவிட்டு, கூட வேலை பார்த்த டீச்சரின் டப்பாவில் கை வைப்பேன். அவர்கள் வீட்டில் மீன் பொரிப்பார்கள்.

வீட்டுத் தடை வாசற்படி வரைதான். வாசலைத் தாண்டக் கால் இருந்தவர்கள் எல்லோரும் தாண்டிப்போய் வயிற்றைக் கவனித்துக்கொண்டோம். பூனைகூட மதிலைத் தாண்டி வந்து தன் பங்கை வாங்கிக்கொண்டது. அந்தத் தடையை முழுசாக, நேர்மையாக, ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் நடக்கத் தெரியாத என் மகள்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சிரிப்பும் வருகிறது, ஆனால் ஆத்திரம்தான் முதலில்.

"பயப்படாதீங்க, தேறிடுவா. சோத்துல நெய் விடுங்க, முழு முட்டை குடுங்க, பால ஏட்டோட குடுங்க," என்றார் டாக்டர் என்னிடம். அப்பாவை அவர் அதற்குமேல் பார்க்கவில்லை.

ஆட்டோவில் திரும்பினோம். பழங்காநத்தம் தாண்டியதும் அப்பா, "அன்னைக்கு அந்த டாக்டரு எம்புட்டுத் தெளிவாச் சொன்னாரு... கொஞ்சம் கொறைங்கன்னுதான சொன்னாரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்க் காலையில் வழித்து வைத்திருந்த பாலாடைக் கிண்ணத்தை எடுத்தார். சீனி தூவினார். வாசற்படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். கிண்ணத்தின் சத்தம் கேட்டதும் பூனை மதிலிலிருந்து குதித்து எதிரே வந்து உட்கார்ந்தது. அதற்கு இன்றைய சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்பா ஒரு துளி பாலாடையை எடுத்து அவள் வாயில் வைத்தார். அவள் அதை நாக்கால் வெளியே தள்ளினாள். தன் உள்ளங்கையில் எடுத்தாள். பூனைப் பக்கம் கையை நீட்டி, "வா, வா," என்றாள்.

"இல்ல தாயி. இது ஒனக்கு. ஒனக்குத்தான் தாயி."

அப்பா மறுபடி ஊட்டப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, தாத்தா விதியை மறந்துவிட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, அவர் செய்வதுபோலவே முகத்தைச் சுளித்து, அவரைப் பார்த்துத் தெளிவாக, "ச்சீ," என்றாள். "பூன."

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா தன் கன்னத்தில் தண்ணீர் இறங்கியதைத் துடைக்கவில்லை. பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய விள்ளலாக எடுத்துத் தன் வாயில் போட்டார். "நல்லாருக்கு பாரு, தாத்தா திங்கிறேன் பாரு," என்று வாயை அசைத்து அசைத்துக் காட்டினார். தடை வந்த பிறகு வீட்டில், நாங்கள் பார்க்க, அவர் அப்படி ஒன்றைத் தின்றது அன்றைக்குத்தான். இன்னொரு விள்ளல் எடுத்துத் தின்றார். பூனை கத்தியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையை நீட்டினார். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன், உதவிக்குப் போகவில்லை. அவள் அவரைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.